கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பிய குளிர்ப்பெட்டி

போன ஐப்பசியில், கந்தசஷ்டி விரதம் தொடங்கிய நாள் இது நடந்தது. வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். தன்னைப் பற்றி வரும் இடங்களில் மட்டும் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். பார்க்கட்டும். பேரப்பிள்ளைகள் கண்ட வயதில் எனக்கு யாருக்குப் பயம்?

முதலில் மகளுடைய தொழிலைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கதை விளங்காது. மருமகன் கட்டாரில் வேலை செய்கிறார். மகள் ஒரு கம்பனியில் நல்ல வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பின்னறையில் சொந்தமாக ஒன்றைத் தொடங்கினாள். யூரிதேன் என்று பெயர். இரண்டு திரவங்கள். தனித்தனியாக இருக்கும்வரை சாதுவாக இருக்கும். சேர்த்துக் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் இறுகி, இழுபடும் இறப்பராகிவிடும். நிறுவை சரியாக இருக்க வேண்டும், ஈரம் படக்கூடாது, காற்றுக் குமிழி நிற்கக்கூடாது. சின்னப் பட்டறைகளுக்கு இந்த வேலை பெரும் தலையிடி. ஆகவே இவள் தானே நிறுத்துக் கலக்கி, ஒரு மூடிய பாத்திரத்துக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சுகளில் நிரப்பி, அந்தக் கையோடேயே டிரை ஐஸுக்குள் புதைத்துவிடுவாள். டிரை ஐஸ் தெரியும்தானே? தண்ணீராக உருகாமல் புகையாகவே போய்விடும் பொல்லாத ஐஸ். அந்தக் குளிரில், கலந்த திரவம் இறுகாமல் அப்படியே உறைந்துபோகும். பிறகு அதை, பின்னறையில் நிற்கும், வீட்டுப் பிரிட்ஜைவிடப் பல மடங்கு குளிரூட்டும் ஒரு பெரிய குளிர்ப்பெட்டிக்குள் அடுக்குவாள். வாங்குகிறவர் வேண்டிய நேரம் ஒன்றை எடுத்து, குளிர் விட்டதும் துடைத்துவிட்டு அமத்தினால் போதும்.

எனக்கு இதெல்லாம் விளங்கியது தோசை மாவை வைத்துத்தான். கரைத்த மாவை வெளியில் வைத்தால் புளித்துப் பொங்கும், பிரிட்ஜில் வைத்தால் அடங்கிக் கிடக்கும். இதுவும் அப்படித்தான். ஆனால் வீட்டுப் பிரிட்ஜின் குளிர் இதற்குக் காணாது. மா புளித்துப்போனால் அப்பமாவது சுடலாம். இது இறுகினால் சிரிஞ்சோடு குப்பைக்குத்தான்.

அந்த முறைதான் மகளுக்கு முதல் பெரிய ஓடர் வந்திருந்தது. இரத்மலானையில் செயற்கைக் கால் செய்து பொருத்தும் இடம் ஒன்று. வெட்டுப்பட்ட கால் போய் அமர்கிற இடத்தில் மெத்தைபோல ஒன்று வைப்பார்களாம். அதன் விளிம்பை நிரப்ப இந்தச் சாமான் வேண்டும். அதுவரை வெளிநாட்டிலிருந்துதான் எடுத்தார்கள். வருகிற காலத்துக்கு வரும். "இந்தப் பெட்டி பழுதில்லாமல் வந்தா, இனி உங்களிட்டத்தான்" என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த நாள் காலையில் தூர ஊர்களிலிருந்து ஆட்கள் கால் பொருத்த வருவதாகவும் இருந்தது. மகள் எத்தனையோ முறை கலந்து, பழுதாகி, திரும்பக் கலந்து, ஒருவழியாகச் சரிவந்த சாமான் அது. திரும்பச் செய்யத் திரவமும் கையில் இல்லை.

இனிச் சம்மந்தி அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மருமகனின் தாய். கண்ணில் புரை எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு நின்றார். தங்கமான மனுசி. ஆனால் விரதம் என்றால் வேறு ஆள். சஷ்டி தொடங்கமுதலே வீட்டைக் கழுவி, சட்டி பானையை வேறாக்கி, பிரிட்ஜை வழித்துத் துடைத்து, எங்கள் எல்லோரையும் ஓட ஓட விரட்டினார். மகளின் தொழில் மட்டும் அவருக்குப் பிடிபடவேயில்லை.

"படிச்ச பிள்ளை, நல்ல உத்தியோகத்தை விட்டிட்டு, வீட்டுக்குள்ள இருந்து இறப்பர் ஐஸ்பழம் செய்யுது" என்று தொலைபேசியில் ஊருக்கெல்லாம் சொல்லுவார்.

மகளுக்குக் காது கேட்கும். எழும்பிப் பின்னறைக்குள் போய்விடுவாள். நடுவில் நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன்.

விரதத்துக்கு முதல் நாள், சொல்லாமல் கொள்ளாமல் மன்னாரிலிருந்து என் தங்கை மகன் ஒரு பெட்டி மீன் அனுப்பிவைத்தான். நல்ல அறக்குளா. என்ன செய்ய? எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதி இருக்கிறாள். வேதக்காரி. அவளுடைய மனுசன் துறைமுகத்தில் வேலை செய்தவர். என் மனுசன் புறக்கோட்டையில் கடையில் நின்ற காலத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருந்தோம். அப்போதிருந்தே எங்களுக்குள் ஒரு பழக்கம். எங்களுக்குச் சஷ்டி வந்தால் வீட்டில் இருக்கிற மீன் அவளிடம் போகும். அவளுக்குத் தவக்காலம் வந்தால் அவளுடைய இறைச்சி என்னிடம் வரும். விரதம் முடியுமட்டும் வைத்திருந்து மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்போம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒருமுறை அவளுடைய இறைச்சி முழுவதையும் நாங்களே சமைத்துத் தின்றுவிட்டோம். அவள் அதற்கும் சிரித்தாள். சரி, அது வேறு கதை.

மீன் பெட்டியைச் சம்மந்தி அம்மாவின் கண்ணில் படாமல் பின்னறையில் ஒளித்துவைத்தேன். ஐஸ் உருகாமல் மீன் அனுப்புகிற வெள்ளை நுரைப் பெட்டி, ரிஜிபோம் என்பார்கள். அதன் பக்கத்தில் மகளின் பெட்டியும் இருந்தது. பின்னேரம் இரத்மலானையிலிருந்து வான் வரும் என்று, காலையிலேயே டிரை ஐஸ் போட்டு அடுக்கி, மூடி ஒட்டி வைத்திருந்தாள். அதுவும் வெள்ளை ரிஜிபோம் பெட்டிதான். மீன்காரர்கள் பெட்டி எடுக்கும் கடையில்தான் இவளும் எடுக்கிறாள். இரண்டிலும் கடதாசி ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்தது தமிழில். மீனைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோக, நான் வழமையாகப் பிடிக்கும் த்ரீவீல்காரத் தம்பியிடம் சொல்லிவைத்தேன். அவன் சிங்களப் பிள்ளை. தமிழ் கதைப்பான், வாசிக்கத் தெரியாது.

மகள் ஒரு அலுவலாகக் கொள்ளுப்பிட்டிக்குப் போய்விட்டாள். நானும் கோயிலுக்குப் போய்விட்டேன். ஒளித்த மீன் மணத்தில் அதற்குள் சம்மந்தி அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. போகமுதல் அவரிடம், "த்ரீவீல் வரும், சுவர்க் கரையில இருக்கிற பெட்டியைக் காட்டிவிடுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

கோயிலால் வந்து சந்தனம் காயவில்லை, மகளும் வந்துவிட்டாள். வானுக்கு முதல் இன்னும் கொஞ்சம் டிரை ஐஸ் போட வேண்டும் என்று கையுறையை மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்து அறக்குளா மீன் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, என்ர பெட்டி எங்கை?"

உடனே த்ரீவீல் தம்பிக்குப் போன் எடுத்தோம். பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து சந்தியில்தான் நின்றான். ஓடிவந்தான்.

"அம்மே, நான் என்ன செய்யிறது? இந்தப் பெரிய அம்மா முகம் அங்கால திருப்பி வெச்சுக்கொண்டு, கை மட்டும் இப்பிடிக் காட்டினது. நான் கை போன பக்கம் உள்ள பெட்டி எடுத்தது" என்று செய்தும் காட்டினான். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு, விரலைப் பின்னால் நீட்டி, அப்படியே சம்மந்தி அம்மாதான்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"விரதத்தோட மீனைப் பாக்கச் சொல்லுறியளோ?" என்றார் சம்மந்தி அம்மா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. மகள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் இருந்த இருப்பைக் கண்டு சம்மந்தி அம்மா தூணோடு தூணாகச் சாய்ந்து நின்றதை இப்போதும் மறக்க முடியவில்லை.

சிநேகிதிக்குப் போன் அடித்தோம். அடிக்கிறது, எடுக்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோயிலுக்குப் போயிருப்பாள், போனை வீட்டில் விட்டிருப்பாள் என்று நான் சொன்னேன். மகளுக்கு அதைக் கேட்டு இன்னும் பயம்.

"கோயிலுக்குப் போக முதல், மீன் எண்டு நினைச்சுத் திறந்து, பிரிட்ஜுக்குள்ள தட்டியிருந்தா எல்லாம் சரி, அம்மா" என்றாள். எல்லாம் சரி என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

அதே த்ரீவீலில் இரண்டு பேரும் ஏறினோம். மாற்று டிரை ஐஸ் முழுவதும் வீட்டில் இருந்தது. அதை எடுக்கவும் மகளுக்குத் தோன்றவில்லை. காலி வீதி அன்று அசைய மாட்டேன் என்று கிடந்தது. நான் முருகனுக்கு நேர்ந்ததோடு, வழியில் வந்த மாதாவுக்கும் புத்தருக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டு போனேன். தம்பி கண்ணாடியில் பார்த்து, "அம்மே, எல்லாருக்கும் சொன்னா யாரு முதல் வாறது?" என்று கேட்டான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு வாற சனத்துக்கு நான் என்ன சொல்ல?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கொட்டாஞ்சேனையில் சிநேகிதியின் வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே போன் அடிக்கும் சத்தம் வெளியில் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"அவங்க வெள்ளவத்தைக்குல்ல போயிட்டாங்க" என்றாள். "கோயிலுக்குப் போக சாரியெல்லாம் கட்டிட்டு நின்னவங்க. கையில பெரிய ரிஜிபோம் பெட்டி. யாரோ அவங்க அக்கா மாதிரி ஒருத்தங்களாம், கடும் வருத்தமாம். ஊசி மருந்தெல்லாம் ஐஸ்ல போட்டு இங்க ஒளிச்சு வைக்க அனுப்பியிருக்காங்கன்னு சொல்லி ஒரே அழுகை. த்ரீவீல் பிடிச்சு நானேதான் ஏத்திவிட்டேன். நீங்க அந்த வீட்டு ஆளா? எப்பிடி இருக்காங்க இப்ப?"

"நான்தான் பிள்ளை அது" என்றேன். "உயிரோடதான் நிக்கிறன்."

அவள் கையிலிருந்த உடுப்பு கீழே விழுந்தது.

நடந்தது அப்போதுதான் விளங்கியது. பெட்டியைத் திறந்தவள் மீனைக் காணவில்லை. புகைக்குள் சிரிஞ்ச் சிரிஞ்சாகக் கிடப்பதைக் கண்டிருக்கிறாள். அவளுடைய மனுசன் சீனி வருத்தத்துக்கு நாளும் இன்சுலின் ஊசி போட்டபடியே காலமானவர். சிரிஞ்சைக் கண்டால் அவளுக்கு வேறு எண்ணம் வராது. எனக்கு ஏதோ பெரிய நோய், பிள்ளைகளுக்குத் தெரியாமல் மருந்தைத் தன்னிடம் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். மூடியை உடனே மூடி, சுற்றிவர ஒட்டி, மடியில் தூக்கி வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். நாங்கள் போகும்போது எந்த இடத்தில் ஒருவரையொருவர் கடந்து போனோமோ!

மகள் முதலில் கேட்டது, "த்ரீவீல்லயோ போனவா? மூடின கார் இல்லைத்தானே?" என்று. அந்த ஐஸ்புகை மூடின இடத்தில் நிறைந்தால் ஆளுக்கு மூச்சு எடுக்க முடியாதாம். திறந்த வண்டி என்றதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். நானும் கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

"ஓம் பிள்ளை, இப்பத்தான் வந்தவா" என்றார் சம்மந்தி அம்மா. "பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு கதிரையில இருந்து அழுகிறா. என்னட்டத் தரமாட்டாவாம். பிரிட்ஜ் எங்கை எண்டு கேக்கிறா."

பின்னால் என் சிநேகிதியின் குரல் கேட்டது: "கீழ்த்தட்டுலதான் வைக்கணும்! உறைய வெச்சா மருந்து கெட்டுப்போயிடும்! எங்க மனுஷனுக்கு நான் எவ்வளவு காலம் பார்த்தேன், எனக்குத் தெரியாதா?"

"மாமி!" மகள் கத்தியே விட்டாள். "பிரிட்ஜுக்குள்ள வைக்க விடாதேங்கோ! பெட்டிக்குள்ள ஐஸ் முடியப்போகுது. பின்னறையில இருக்கிற பெரிய குளிர்ப்பெட்டியைத் திறந்து, எல்லாத்தையும் அப்பிடியே உள்ளுக்கு அடுக்குங்கோ. வெறுங்கையால தொட்டா கை வெந்துபோகும். தடிச்ச கையுறை மேசையில கிடக்கு. போட்டுக்கொண்டு, கெதியா!"

"பின்னறையில மீன் திறந்தபடி கிடக்கெல்லே பிள்ளை" என்றார் சம்மந்தி அம்மா.

"ஓம் மாமி" என்றாள் மகள். வேறு என்ன சொல்வாள்? காலையில் தலைமுழுகி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் பிடிக்கிற மனுசி. மீன் கிடக்கும் அறைக்குள் போங்கோ என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்லுவாள்?

"சரி, போனை வை" என்றார் சம்மந்தி அம்மா. "எனக்கு ரெண்டு கையும் வேணும்."

திரும்பி வரும் வழியில் தம்பி எந்தச் சந்துக்குள்ளால் விட்டானோ, கிட்டத்தட்டப் பறந்து வந்தோம்.

வாசலில் என் சிநேகிதி நின்றாள். அழுதழுது கண் வீங்கி, நல்ல சாரியெல்லாம் கசங்கி. என்னைக் கண்டதும் ஓடிவந்து என் தோளில் இரண்டு அடி போட்டாள். நல்ல அடி.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அக்கா? ஊசி போடுற அளவுக்கு வந்தப்புறமா எனக்குத் தெரியணும்?"

"அடி பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை. அது மருந்தில்லை."

"தெரியும், இந்த அம்மா சொன்னாங்க. ஆனா உங்களக் கண்ணால பார்க்கிற வரைக்கும் நம்ப மாட்டேன்னு நின்னேன்." சொல்லிவிட்டுத் திரும்பவும் அழுதாள். நானும் அழுதேன். எதற்கு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

"பெட்டியை எப்பிடிக் குடுத்தனீ?" என்று கேட்டேன். தரமாட்டேன் என்று நின்றவளாயிற்றே. அப்போதுதான் சொன்னாள். சம்மந்தி அம்மா அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தி இருந்து, "இது என்ர மருமகள் தன்ர கையால செய்த சாமான். காலில்லாத சனத்துக்கு வைக்கிறது. நாளைக்கு அந்தச் சனம் பாத்துக்கொண்டிருக்கும். தா, அம்மா" என்று கெஞ்சினாராம். (இந்த இடத்தில் மகள் பேனையை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.)

பின்னறைக்குள் போனோம். சம்மந்தி அம்மா முழங்கை வரைக்கும் அந்தப் பெரிய கையுறையோடு, குளிர்ப்பெட்டியின் மூடியில் கை இரண்டையும் அமத்திக்கொண்டு நின்றார். யாராவது திறந்துவிடுவார்களோ என்று காவல். காலடியில் அறக்குளா.

"எல்லாம் உள்ள போட்டுது பிள்ளை. ஒண்டும் விழேல்லை" என்றார்.

ஆனால் பழுதாகிவிட்டதா இல்லையா என்று பார்க்க வேண்டுமே. மகள் ஒரு சிரிஞ்சை வெளியில் எடுத்து மேசையில் வைத்தாள். நாலு பேரும் சுற்றி நின்றோம். மேலே வெள்ளையாகப் பனி பூத்து, பிறகு வியர்த்து, மெல்ல மெல்லக் குளிர் விட்டது. ஈரத்தைத் துடைத்தாள். ஈரம் சேர்ந்தால் நுரைத்துப்போகுமாம். மூடியைக் கழற்றி ஒரு பீங்கான் தட்டில் அமத்தினாள். முதலில் ஒன்றும் வரவில்லை. என் சிநேகிதி "அந்தோனியாரே" என்றாள். சம்மந்தி அம்மா "முருகா" என்றார். பிறகு அது இறங்கியது. பளிங்குபோல, குமிழி ஒன்றில்லாமல், மடிந்து மடிந்து விழுந்து தட்டில் பரவியது.

சம்மந்தி அம்மா குனிந்து பார்த்தார். "கம்பிப் பதம் வரேல்லை. தேன் பதத்தில நிக்குது. நல்லதுதானே?"

"நல்லது மாமி" என்றாள் மகள். அப்படியே மாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என்னைத் தொடாதை, மீன் அறை, நான் முழுக வேணும்" என்று சம்மந்தி அம்மா சொன்னாலும், அந்தப் பெரிய கையுறைக் கைகள் இரண்டும் மகளின் முதுகில்தான் கிடந்தன.

வான் வந்தபோது, புது டிரை ஐஸ் போட்டு அடுக்கிய பெட்டியைச் சம்மந்தி அம்மாவே வாசல்வரை கூட வந்து ஏற்றிவிட்டார். இந்த முறை முகத்தைத் திருப்பாமல் பார்த்துத்தான் காட்டினார். மற்றப் பெட்டியோடு என் சிநேகிதியைத் தம்பி கொண்டுபோய் விட்டான். அந்தோனியார் கோயில் தவறிவிட்டது என்று அவள் கவலைப்படவில்லை. "அவர் பார்த்துக்கிட்டுத்தானே இருந்திருப்பாரு" என்றாள். சில நாளில் இரத்மலானையிலிருந்து சாமான் திறம் என்று சொல்லி அடுத்த ஓடரும் தந்தார்கள். சம்மந்தி அம்மா இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, "என்ர மருமகளின்ர தொழில் எண்டா என்ன எண்டு தெரியுமோ?" என்று தோசை மாவில் தொடங்கி ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறாராம். தோசை மாக் கதை என்னுடையது. பரவாயில்லை, வைத்துக்கொள்ளட்டும்.

என் மனதில் நிற்பது என் சிநேகிதிதான். என்னுடைய சாவையே மடியில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஒருத்தி தனியாக அழுதுகொண்டு வந்திருக்கிறாள். அவள் அப்படிப் பதறி வராமல், யோசித்து, தன் பிரிட்ஜுக்குள் அதை வைத்திருந்தால், அந்தச் சாமானும் இல்லை, மகளின் தொழிலும் இல்லை. இப்போது எனக்குத் தடிமன், தும்மல் வந்தாலும் பிள்ளைகளுக்கு முதல் அவளுக்குத்தான் போன் எடுத்துச் சொல்கிறேன். "சரி, வெந்நீர் குடிங்க" என்று அவள் ஏசிவிட்டு வைப்பாள். தமக்கு ஒன்றென்றால் யார் இப்படி அழுதுகொண்டு ஓடிவருவார்கள் என்பது பலருக்கு உயிரோடு இருக்கும்போது தெரியவருவதில்லை, எனக்குத் தெரியவந்துவிட்டது என்று நினைக்கிற நேரமெல்லாம் மனம் நிறைந்துபோகிறது.